உலகம் வேடிக்கை பார்த்த ஊர்!

தலைவருக்குச் சிலை வெச்ச ஊரைப் பார்த்திருப்பீங்க. நடிகைக்குக் கோயில் கட்டின ஊரும் உங்களுக்குத் தெரியும். மாட்டிறைச்சி டின்னுக்கு நினைவுச்சின்னம் எழுப்பின ஊர் தெரியுமா?

அந்த ஊர் பேர் சரயேவோ. ஐரோப்பாவின் தென்கிழக்கில் இருக்கும் போஸ்னியா-ஹெர்சகோவினா நாட்டின் தலைநகரம். அங்கே வரலாற்று அருங்காட்சியகத்தின் பின்பக்கம் போனா, பீடத்து மேல பெருசா ஒரு டப்பா உட்கார்ந்திருக்கும். 'ஐகார்'ங்கிற பிராண்டு பேர் போட்ட இறைச்சி டப்பா. நெபோய்ஷா ஷெரிச் ஷோபா என்ற கலைஞர் செய்தது. 2007-ல் திறந்து வெச்சாங்க. 'சர்வதேச சமுதாயத்துக்கு, சரயேவோவின் நன்றியுள்ள மக்கள்'ங்கிற அர்த்தத்தில் கீழே எழுதியிருக்கும்.

நன்றியாம்! அதைப் படிச்சுட்டு உள்ளூர்க்காரங்க சிரிப்பாங்க. 1992 ஏப்ரல் 5 முதல் 1996 பிப்ரவரி 29 வரை, மொத்தம் 1,425 நாள் இந்த ஊர் முற்றுகையில் கிடந்தது. அப்போ உலகம் அனுப்பி வெச்ச சாப்பாட்டில் இதுவும் ஒண்ணு. நாய்கூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்னு இன்னும் கிண்டல் பண்றாங்க. 'எங்களைக் கொல்றாங்க, காப்பாத்துங்க'ன்னு கத்தின ஊருக்கு டின் வந்து சேர்ந்தது.

ஒரு நாட்டுக்குள்ள போர் நடக்கும்போது பலசாலி நாடுகள் எல்லாம் ஏன் ஒதுங்கி நிக்குது? புத்தகத்துல படிக்கிறதைவிட இந்த ஊர்ல நடந்து பார்த்தா சுலபமா விளங்கும். ஷூவை மாட்டுங்க, கிளம்பலாம்!

கிண்ணத்துக்குள் ஒரு நகரம்

முதல்ல ஊரோட அமைப்பு. சுத்தி மலை. நடுவுல நீளமா ஒரு பள்ளத்தாக்கு. அதுல மில்யாட்ஸ்கான்னு ஒரு சின்ன ஆறு. ஆத்தோரமா டிராம். 1885-ல் குதிரை இழுத்த டிராம், 1895-ல் மின்சாரத்துக்கு மாறிடுச்சு. அதே ஆத்தங்கரையில் லத்தீன் பாலம் பக்கத்துலதான் 1914 ஜூன் 28-ல் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்டாங்க. முதல் உலகப் போருக்குத் தீப்பொறி கிளம்பின இடம். ஸ்கூல் வரலாறுப் பாடத்துல ரெண்டு மார்க் கேள்வியா வந்திருக்குமே!

1984-ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது இங்கேதான். ட்ரெபெவிச் மலையில் பனிச்சறுக்கு வண்டி ஓடுறதுக்காகப் போட்ட கான்கிரீட் பாதை இப்பவும் காட்டுக்குள்ள பாம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கு. எட்டே வருஷம்... அதே மலைகள்ல பீரங்கி வந்து உட்கார்ந்துச்சு. கிண்ணத்தோட விளிம்புல ஒருத்தன் துப்பாக்கியோட உட்கார்ந்துட்டா, உள்ளே இருக்கிற யாரும் தப்ப முடியாது. ரொட்டி வாங்கப் போறவங்க, தண்ணி பிடிக்கப் போறவங்க, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க, எல்லாருமே குறிதான்.

முற்றுகை தொடங்கி 20 வருஷம் ஆனப்போ, 2012 ஏப்ரல் 6-ல், நகரத்தின் முக்கிய வீதியில் 11,541 சிவப்பு நாற்காலி போட்டாங்க. செத்த ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. அதுல 643 நாற்காலி மட்டும் சின்னது. குழந்தைங்களுக்கு!

பாலத்தில் விழுந்த மாணவி

டின்னைப் பார்த்துட்டு ஆத்தோரமா கொஞ்ச தூரம் நடந்தா ஒரு சாதாரணப் பாலம் வரும். அதுக்கு ரெண்டு பெண்களோட பேர்: சுவாதா, ஓல்கா.

சுவாதா டில்பெரோவிச் மருத்துவ மாணவி. வயசு 23. 1992 ஏப்ரல் 5-ந் தேதி, 'எங்களுக்குப் போர் வேண்டாம்'னு ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம் போனாங்க. அந்தக் கூட்டத்துல வந்த சுவாதாவும் ஓல்கா சுச்சிச்சும் இந்தப் பாலத்துல குண்டடி பட்டு இறந்தாங்க. நம்ம செட்டுல ஒருத்தி மாதிரி ஒரு பொண்ணு... காலையில் ஊர்வலத்துக்குக் கிளம்பினவ. முற்றுகையில் முதல்ல பலியானவங்களா இவங்களைத்தான் ஊர் நினைவுல வெச்சிருக்கு.

பின்கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். யூகோஸ்லாவியா ஆறு குடியரசுகள் சேர்ந்த நாடு. 1991-ல் அது உடைய ஆரம்பிச்சது. போஸ்னியாவில் போஸ்னிய முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோஷியர்கள்னு மூணு சமூகம். தனி நாடு வேணுமான்னு 1992-ல் வாக்கெடுப்பு நடந்தப்போ பெரும்பாலான செர்பியர்கள் புறக்கணிச்சாங்க. மத்தவங்க 'வேணும்'னாங்க. ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் ஏப்ரல் முதல் வாரத்துலேயே அங்கீகாரம் கொடுத்தாச்சு, மே மாசம் ஐ.நா. உறுப்பினர் பதவியும் வந்தாச்சு. 'நீ ஒரு நாடு'ன்னு கைகுலுக்கினவங்க, அந்த நாடு எரிஞ்சப்போ சொன்ன வார்த்தை: 'உள்நாட்டுப் போர்.'

இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. பக்கத்து வீட்டுல ஒருத்தர் மனைவியைப் போட்டு அடிக்கிறார். சத்தம் கேக்குது. 'அது அவங்க குடும்ப விவகாரம், நமக்கெதுக்கு வம்பு'ன்னு கதவைச் சாத்திக்கிறோம் இல்லையா? 'உள்நாட்டுப் போர்'ங்கிற பேரும் அப்படி ஒரு கதவுதான். கூடவே 'அங்கே எல்லாரும் நூறு நூறு வருஷமா அடிச்சுக்கிறவங்கப்பா'ன்னு ஒரு தாழ்ப்பாள். அதே ஊர்ல மசூதியும் சர்ச்சும் யூதர் கோயிலும் கூப்பிடு தூரத்துல நிக்குதேன்னு யாரும் கேக்கலை.

இத்தனைக்கும், மலையில் இருந்த போஸ்னிய செர்பியப் படைக்கு ஆயுதம், சம்பளம், அதிகாரிகள் எல்லாம் பக்கத்து பெல்கிரேடிலிருந்து வந்துச்சு. குரோஷியாவும் தன் பங்குக்குப் படை அனுப்பினது. ஹேக் நகரில் இருந்த முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1999-ல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பில் இது நாடுகளுக்கு இடையிலான போர்தான்னு சொல்லிச்சு. சுவாதா செத்து ஏழு வருஷம் கழிச்சு!

சுரங்கத்துக்குள் தலை குனிஞ்சு...

அடுத்து டிராம் பிடிச்சு கடைசி ஸ்டாப்பான இலிஜாவுக்குப் போங்க. அங்கிருந்து டாக்சியில் புட்மிர். விமான நிலையத்தை ஒட்டின ஒரு சாதாரண வீடு. சுவரெல்லாம் குண்டு பொத்தல். இந்த வீட்டுக்கு அடியிலதான் 'நம்பிக்கைச் சுரங்கம்' தொடங்குது.

இன்ஜினீயரிங் படிக்கிறவங்க கொஞ்சம் நின்னு பாருங்க. நீளம் சுமார் 800 மீட்டர். அகலம் ஒரு மீட்டர். உயரம் சுமார் 1.6 மீட்டர். 1993-ல் மண்வெட்டியையும் தள்ளுவண்டியையும் வெச்சுக்கிட்டு, ரெண்டு முனையிலிருந்தும் இரவு பகலா ஷிஃப்ட் போட்டு, நாலு மாசத்துல விமான ஓடுபாதைக்கு அடியில தோண்டி முடிச்சாங்க. உள்ளே முழங்கால் அளவு தண்ணி. அரிசி, மருந்து, டீசல், ஆயுதம், காயம்பட்டவங்க எல்லாம் இதுவழியாத்தான் போய் வந்தாங்க. இப்போ பார்வையாளர்களுக்கு 20 மீட்டர் அளவுக்குத் திறந்து வெச்சிருக்காங்க. கொஞ்சம் உயரமான ஆளா இருந்தா குனிஞ்சே நடக்கணும்.

'மேலேதான் விமான நிலையம் இருக்கே, அதுவும் ஐ.நா. கையிலதானே இருந்துச்சு?'ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி! 1992 ஜூன் கடைசியில் விமான நிலையம் ஐ.நா. வசம் வந்துடுச்சு. ஆனா நிவாரணப் பொருள் மட்டும்தான் இறங்கலாம், ஊர்க்காரங்க யாரும் ஓடுபாதையைக் கடக்கக்கூடாதுன்னு ஒப்பந்தம். ராத்திரியில் ஓடினவங்களை ஐ.நா. வீரர்கள் பிடிச்சு திருப்பி அனுப்பினாங்க. அவங்க கண்ணுல படாதவங்க பலர் துப்பாக்கிக்காரங்க கண்ணுல பட்டாங்க.

ஆயுதத்தை எதுக்குச் சுரங்கத்துல கடத்தணும்? அங்கேதான் விஷயமே இருக்கு. 1991 செப்டம்பர் 25-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் 713 போட்டுச்சு. யூகோஸ்லாவியா முழுசுக்கும் யாரும் ஆயுதம் விக்கக்கூடாது. பார்க்க நியாயமாத்தானே இருக்கு? ஆனா யூகோஸ்லாவிய ராணுவத்தோட டாங்கியும் பீரங்கியும் ஏற்கெனவே செர்பியத் தரப்பு கையில. புதுசாப் பிறந்த போஸ்னிய அரசுகிட்ட பெரும்பாலும் போலீஸ் துப்பாக்கி, வேட்டைத் துப்பாக்கி. ஒருத்தன் கையில அரிவாள், இன்னொருத்தன் வெறுங்கை... 'யாருக்கும் புதுசா ஆயுதம் கிடையாது'ன்னு சொல்றது எப்படி நடுநிலை ஆகும்?

தடையை நீக்கணும்னு 1993 ஜூன் 29-ல் பாதுகாப்பு அவையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 6. மீதி 9 பேரும் ஓட்டே போடலை. எதிர்ப்பு ஒரு ஓட்டுகூட இல்லை, ஆனாலும் தீர்மானம் தோத்துடுச்சு. வேடிக்கை பார்க்கிறதும் ஒரு பக்கம் சாயறதுதான்னு இந்த ஒரு கணக்கே சொல்லிடும்.

காபி ஆறுறதுக்குள்ள ஒரு கணக்கு

திரும்பி வந்து பழைய கடைவீதி பாஷ்சர்ஷியாவுல உட்காருங்க. செம்புக் குவளையில் போஸ்னிய காபி வரும். கூட ஒரு சர்க்கரைக் கட்டி. அவசரமா குடிச்சா உள்ளூர்க்காரங்களுக்குக் கோபம் வரும். மெதுவா குடிச்சுக்கிட்டே யோசிப்போம். தலைவர்கள் கல்நெஞ்சுக்காரங்க, அதனாலதான் வரலைன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுடும். அது மட்டும் உண்மை இல்லை. ஆளுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு.

அமெரிக்காவோட கணக்கு: லாபம் என்ன? 1991-ல் குவைத்துக்காக லட்சக்கணக்கான வீரர்களை அனுப்பின நாடு அது. குவைத்துல எண்ணெய் இருந்துச்சு. யூகோஸ்லாவியச் சண்டையில் நமக்கு வேலையே இல்லைங்கிற மாதிரி அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் பேசினார். அடுத்து, சோமாலியா. 1993 அக்டோபர்ல மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் செத்தாங்க. டி.வி-யில் அதைப் பார்த்த நாட்டு மக்கள் 'நம்ம பசங்க ஏன் அங்கே சாகணும்?'னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு ஓட்டு வாங்குற யாராலயும் பதில் சொல்ல முடியலை. அடுத்த வருஷம் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தப்போ, ஐ.நா. அங்கே இருந்த படையையே குறைச்சுது.

பிரிட்டன், பிரான்ஸ் கணக்கு: அவங்க வீரர்கள் ஏற்கெனவே நீலத் தொப்பியோட போஸ்னியாவில் இருந்தாங்க. நிவாரண லாரிக்குக் காவல். மேலேயிருந்து குண்டு போட்டா கீழே இருக்கிற இவங்க மாட்டிக்குவாங்க. அந்தப் பயம் கற்பனை இல்லை. 1995 மே மாசம் நேட்டோ குண்டு போட்டதும், செர்பியப் படை 300-க்கும் மேற்பட்ட ஐ.நா. வீரர்களைப் பிணைக் கைதியாப் பிடிச்சு, சிலரைக் கம்பத்துல கட்டி வெச்சு உலகத்துக்கே காட்டுச்சு. காப்பாத்தப் போனவங்களே, காப்பாத்த முடியாததுக்குக் காரணம் ஆயிட்டாங்க!

ரஷ்யா கணக்கு: செர்பியா பழைய உறவு. கையில வீட்டோ.

ஐ.நா-வோட கணக்கு வேற. 1992 டிசம்பர் 31-ல் சரயேவோ வந்த பொதுச்செயலாளர் புட்ரோஸ் காலி, உங்களைவிட மோசமான நிலையில் இருக்கிற பத்து இடத்தை என்னால சொல்ல முடியும்னார். ஊர் கொதிச்சது. ஆனா அவர் சொன்னதுல ஒரு உண்மையும் இருந்துச்சு. அதே சமயம் சோமாலியாவில் பட்டினியால் லட்சக்கணக்கில் செத்துக்கிட்டிருந்தாங்க. 

நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு தொடர்பு உண்டு. இங்கே வந்த ஐ.நா. பாதுகாப்புப் படையின் முதல் தளபதி லெப்டினென்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார், இந்தியர். குரோஷியாவில் அமைதி காக்க வந்த அந்தப் படையோட தலைமையகத்தை 1992-ல் சரயேவோவில்தான் வெச்சாங்க. ஐ.நா. கொடி பறந்தா இங்கே சண்டை வராதுன்னு ஒரு நம்பிக்கை. போர் அவங்க ஜன்னலுக்கு வெளியவே வெடிச்சது. மே மாசம் தலைமையகம் ஊரைவிட்டே கிளம்பிடுச்சு.

அப்போ உலகம் சும்மாவா இருந்துச்சு? இல்லை. 1992 ஜூலையிலிருந்து 1996 ஜனவரி வரை 12,000-க்கும் மேற்பட்ட விமானங்கள், சுமார் 1,60,000 டன் நிவாரணம் கொண்டுவந்து இறக்கின. அந்த உணவால் ஊர் பிழைச்சது, மறுக்கவே முடியாது. ஆனா அதே உணவுதான் 'நாங்க ஏதோ செய்யறோம்'னு உலகத்துக்கும் நிம்மதி கொடுத்துச்சு. அந்த டின்னைப் பார்த்து ஊர் ஏன் சிரிக்குதுன்னு இப்போ புரியுதா?

பொடோச்சாரி

ஒரு நாள் தனியா ஒதுக்குங்க. கிழக்கே மூணு மணி நேரப் பயணம். மலைக்காட்டு வழி, அழகான வழி. போய்ச் சேர்ற இடம் ஸ்ரெப்ரெனிட்சாவை ஒட்டின பொடோச்சாரி. வரிசை வரிசையா வெள்ளைக் கல். எண்ண ஆரம்பிச்சு நிறுத்திடுவீங்க.

1993-ல் இந்த ஊரை 'பாதுகாப்பான பகுதி'ன்னு ஐ.நா. அறிவிச்சது. இப்படி அறிவிச்ச பகுதிகளைக் காக்க சுமார் 34,000 வீரர்கள் வேணும்னு கணக்குச் சொன்னாங்க. பாதுகாப்பு அவை அனுமதிச்சது 7,600. வார்த்தையைத் தாராளமா கொடுத்தாங்க, ஆளைக் கொடுக்கலை. 1995 ஜூலை 11-ல் செர்பியப் படை உள்ளே வந்தப்போ அங்கே இருந்தது சில நூறு நெதர்லாந்து வீரர்கள். கேட்ட விமானத் தாக்குதல் போதிய அளவில் வரலை. ஐ.நா. சொன்னதை நம்பி அங்கே தங்கினவங்கள்ல 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் சில நாட்கள்ல கொன்னாங்க.

நினைவிடத்துக்கு எதிர்ல பழைய பேட்டரி தொழிற்சாலை. நெதர்லாந்து படை முகாம் அதுலதான் இருந்துச்சு. 2002-ல் இந்த விவகாரம் பற்றிய ஆய்வறிக்கை வந்ததும் நெதர்லாந்து அரசே ராஜினாமா செஞ்சது. 2019-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், முகாமுக்குள் இருந்து வெளியேற்றப்பட்ட 350 பேர் விஷயத்தில் அரசுக்கு 10 சதவிகிதப் பொறுப்பு உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு.

அப்புறம் எப்படி வந்தாங்க?

மறுபடி சரயேவோ. மார்க்காலே சந்தை. தக்காளி, வெள்ளரி, சீஸ்னு நம்ம ஊர் காய்கறிக் கடை மாதிரிதான் இருக்கும். பின்சுவத்துல மட்டும் பெயர்ப் பட்டியல். 1994 பிப்ரவரி 5-ல் விழுந்த ஒரே குண்டுல இங்கே 68 பேர் போனாங்க. 1995 ஆகஸ்ட் 28-ல் இதே இடத்தருகே மறுபடி குண்டு. 43 பேர்.

ரெண்டாவது குண்டு விழுந்து ரெண்டே நாள்ல, ஆகஸ்ட் 30-ல் நேட்டோ விமானங்கள் கிளம்பிடுச்சு. செப்டம்பர்ல குண்டுவீச்சு ஓய்ஞ்சது, நவம்பர்ல அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஒப்பந்தம். மூணரை வருஷம் முடியாதுன்னது மூணு வாரத்துல முடிஞ்சது!

திடீர்னு மனசாட்சி முழிச்சுக்கிச்சா? ஸ்ரெப்ரெனிட்சா எல்லாரையும் உலுக்கினது உண்மை. ஆகஸ்ட்ல குரோஷிய ராணுவம் முன்னேறி களத்தையே மாத்தினதும் உண்மை. அதோட இன்னொரு கணக்கும் இருந்துச்சு. போஸ்னியாவிலிருந்து ஐ.நா. படை பின்வாங்க வேண்டி வந்தா, பத்திரமா வெளியே கொண்டுவர சுமார் 20,000 அமெரிக்க வீரர்களை அனுப்புறதா கிளின்டன் முன்னமே வாக்குக் கொடுத்திருந்தார். அதாவது, விலகி நிக்கணும்னாலே ராணுவத்தை அனுப்பணும். ஒதுங்கி நிக்கிற செலவு, உள்ளே போற செலவைத் தாண்டின அன்னிக்குத்தான் கணக்கு மாறுச்சு.

உள்ளே போனா எல்லாம் சரியாயிடும்னும் இல்லை. 2011-ல் லிபியாவில் நேட்டோ குண்டு போட்டுச்சு, கடாஃபி போனார், நாடு ரெண்டாப் பிளந்து வருஷக்கணக்கில் அடிச்சுக்கிட்டது. 2013-ல் சிரியாவில் ரசாயன ஆயுதம் பயன்பட்டப்போ, பிரிட்டன் நாடாளுமன்றம் ராணுவ நடவடிக்கை வேண்டாம்னு 285-க்கு 272-ன்னு முடிவு பண்ணுச்சு. ஈராக்கில் பட்ட சூடு ஞாபகம் இருந்துச்சு. ஒவ்வொரு போருக்கும் போன போர் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போகுது!

இது நமக்குப் புதுசா என்ன? இலங்கைக்குப் படை அனுப்பி, 1987-90-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்த நாடு நம்முடையது. 2005-ல் ஸ்ரெப்ரெனிட்சாவையும் ருவாண்டாவையும் மனசுல வெச்சு, ஒரு அரசு தன் மக்களைக் காக்கத் தவறினா உலகத்துக்குப் பொறுப்பு உண்டுன்னு ஐ.நா. உச்சி மாநாட்டில் எல்லா நாடுகளும் ஒப்புக்கிட்டாங்க. நாலே வருஷத்துல முள்ளிவாய்க்கால். பாதுகாப்பு அவையின் முறையான நிகழ்ச்சி நிரலில்கூட அந்தப் போர் ஏறலை. தன் அமைப்பு தவறிடுச்சுன்னு 2012-ல் வந்த ஐ.நா-வின் உள் ஆய்வு அறிக்கை சொல்லுச்சு. அறிக்கை எப்பவும் வந்துடுது. ஆட்கள்தான் வரமாட்டேங்கிறாங்க.

மஞ்சள் கோட்டையில் சாயங்காலம்

கடைசியா, கோவாச்சி கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி மேட்டுல ஏறினா மஞ்சள் கோட்டை. சூரியன் மறையறதைப் பார்க்க ஊர் இளவட்டமெல்லாம் இங்கேதான் வரும். கிடாரும் இருக்கும், ஐஸ்க்ரீமும் இருக்கும்.

அங்கே நின்னு கீழே பாருங்க. சிவப்பு ஓடு, மசூதிக் கோபுரம், சர்ச் மணிக்கூண்டு, டிராம். ஜன்னல்ல துணி காயப்போடற அம்மா வரைக்கும் தெரியும். மலையில் துப்பாக்கியோட இருந்தவனுக்கும் இதெல்லாம் தெரிஞ்சது. டி.வி. வழியா உலகத்துக்கும் தெரிஞ்சது. தெரியாமப் போனதால யாரும் வராம இல்லை. 2024 மே மாசம், ஸ்ரெப்ரெனிட்சா நினைவு நாள் பற்றி ஐ.நா. பொதுச்சபையில் ஓட்டெடுப்பு நடந்தப்போ ஆதரவு 84, எதிர்ப்பு 19, நடுநிலை 68. துக்கம் கேக்கிறதுலகூட 68 நாடு ஒதுங்கி நின்னுச்சு.

அடுத்த தடவை நியூஸ்ல 'உள்நாட்டு விவகாரம்'னு ஒரு வார்த்தை வந்தா, சேனலை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அங்கே யார்கிட்ட ஆயுதம் இருக்கு, யார்கிட்ட இல்லை... ஒதுங்கி நிக்கிறவங்களால யாருக்கு லாபம்?

போக நினைக்கிறவங்களுக்கு: மே முதல் செப்டம்பர் வரை நல்ல சீசன். பணம் 'மார்க்', ஒரு யூரோவுக்கு சுமார் ரெண்டு. பசிச்சா செவாப்பி சாப்பிடலாம். ரொட்டிக்குள்ள சுட்ட இறைச்சி. சைவம்னா கீரை வெச்ச ஸெல்யானிட்சா கேளுங்க. தெருவில் நடக்கும்போது சிமென்ட் தரையில பூ மாதிரி சிவப்புத் தடம் தெரிஞ்சா சுத்திப் போங்க. குண்டு விழுந்து ஆள் செத்த இடத்துல சிவப்பு ரெசின் ஊத்தி வெச்சிருக்காங்க. 'சரயேவோ ரோஜா'ன்னு பேர்.